மொழியும் சட்டமும்

தச்சன் ‘சட்டம்’ என்றால் மரத்தைச் சொல்கிறான். படத்துக்குச் சட்டம், சன்னலுக்குச் சட்டம், கதவுக்குச் சட்டம். வக்கீல் ‘சட்டம்’ என்றால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதை மீறினால் அபராதம் உண்டு. ஒரே சொல், இரண்டு பொருள். கணினி வேலை செய்கிற பிள்ளைகள் ‘ஃபிரேம்வொர்க்’ என்று ஒரு வஸ்துவைப் பற்றி ஓயாமல் பேசிக்கொள்கிறார்கள். தமிழில் அதைச் ‘சட்டகம்’ என்று எழுதுகிறார்கள். நான் உரிமை எடுத்துக்கொண்டு ‘சட்டம்’ என்றே சொல்லிவிடப் போகிறேன். அந்த வஸ்துவில் தச்சனுடைய சட்டமும் இருக்கிறது, வக்கீலுடைய சட்டமும் இருக்கிறது. தாங்கிப் பிடிப்பதும் அதுதான். இப்படித்தான் நடக்கவேண்டும் என்று விதிப்பதும் அதுதான்.

கதை எழுதுகிறவனுக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கரிக்கலாம்பாக்கத்திலும், சுற்றிலுமுள்ள வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் கொம்யூன்களின் கிராமங்களிலும் வயதானவர்கள் வாயில் புழங்கும் சொற்களை இருபது வருஷங்களாக அட்டைகளில் குறித்து வருகிறேன். மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கவலை, கழனி வேலைச் சொற்கள், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொல்தா, நொத்தேர் எல்லாம் அதில் உண்டு. கரிசல் காட்டுப் பேச்சுக்கு அகராதி செய்த கி. ராஜநாராயணன் தம் கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில்தான் கழித்தார். 2021இல் இங்கேதான் காலமானார். அவர் செய்ததில் ஒரு துளியாவது எங்கள் பக்கத்துப் பேச்சுக்கும் யாராவது செய்யவேண்டும் அல்லவா? அட்டைகள் இப்போது நாலாயிரத்தைத் தாண்டிவிட்டன. 2016இல் என் அக்கா மகன் அவற்றுக்கென்று ஓர் இணையதளம் கட்டிக் கொடுத்தான்.

கட்டியது பி.எச்.பி. என்னும் மொழியில். 1995இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் என்பவர் தம் சொந்தப் பக்கத்துக்காகச் செய்து வெளியிட்ட சில்லறைக் கருவிகளிலிருந்து வளர்ந்த மொழி அது. வேர்ட்பிரஸ் அதில்தான் ஓடுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவும் அதில்தான். அந்த மொழிக்கு ஏற்ற சட்டங்களில் கோட்இக்னைட்டர் என்ற ஒன்றை அவன் பயன்படுத்தியிருந்தான்.

சட்டம் என்ன செய்கிறது என்பதை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பாரிசிலோ பாகூரிலோ இருக்கும் ஒருவர் ‘கவலை’ என்ற சொல்லைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டது எந்தப் பக்கம் என்று பார்த்து உரிய இடத்துக்கு அனுப்பவேண்டும். கிடங்கிலிருந்து அட்டையை எடுக்கவேண்டும். தேடுகிற கட்டத்துக்குள் விஷமத்தனமாக எதையாவது எழுதிக் கிடங்கையே கொள்ளையடிக்கப் பார்ப்பவர்களைத் தடுக்கவேண்டும். எடுத்த அட்டையை அழகாக அடுக்கிக் காட்டவேண்டும். எந்தத் தளமானாலும் இந்தக் காரியங்கள் மாறுவதில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதாமல், முன்பே ஒருவர் எழுதி வைத்ததன் மேல் நம் வேலையை மட்டும் எழுதிக்கொண்டால் அதுதான் சட்டத்தின் மேல் கட்டுவது. கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பதைப் போல என்று சொல்லலாம். பாத்திரம், பந்தி, விளக்கு எல்லாம் மண்டபத்தில் இருக்கிறது. ஆனால் முகூர்த்த நேரம் உங்களுடையதாக இருந்தாலும், பந்தி எந்தப் பக்கம் என்பதை மண்டபக்காரன்தான் தீர்மானித்திருப்பான்.

எங்கள் தளம் ஏழெட்டு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் காலையில் திறந்தால், சொற்களுக்கு மேலே இங்கிலீஷில் எச்சரிக்கைகள் வரிசை வரிசையாக நின்றன. தளத்துக்கு இடம் வாடகைக்குக் கொடுத்திருந்த நிறுவனத்தார் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் பி.எச்.பி.யைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தார்கள். 2022 டிசம்பரில் வந்த 8.2 என்ற பதிப்பு, பழைய கோட்இக்னைட்டர் சர்வசாதாரணமாகச் செய்துவந்த ஒரு காரியத்தை ‘இனிமேல் இப்படிச் செய்யாதே’ என்று கண்டிக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்தின் தலையில் நின்றவை அந்தக் கண்டிப்புகள்தாம்.

இதன் பின்னால் ஒரு வீட்டுக் கதை இருக்கிறது. கோட்இக்னைட்டரை 2006இல் எல்லிஸ்லேப் என்ற கம்பெனி வெளியிட்டது. நம் நாட்டில் சிறிய தளங்கள் கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் அதை எடுத்துக்கொண்டார்கள். 2013இல் அந்தக் கம்பெனி, ‘எங்களால் இனி இதைப் பராமரிக்க முடியாது, வேறு யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று அறிவித்துவிட்டது. மறு வருஷம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள ஒரு தொழில்நுட்பக் கல்வி நிலையம் அந்தக் குழந்தையைத் தத்து எடுத்தது. 2020இல் நான்காம் பதிப்பு வந்தது. அது புதிதாகவே எழுதப்பட்டது. மூன்றாம் பதிப்பில் கட்டியதை நான்காம் பதிப்பின் மேல் அப்படியே தூக்கி வைக்க முடியாது.

“மாமா, எப்படியும் வீட்டை இடிச்சுத்தான் கட்டணும்னு ஆயிடுச்சு. அப்பறம் ஏன் அதே தெருவுலயே கட்டணும்? ஊரையே மாத்திடலாமே” என்றான் அக்கா மகன்.

ஊர் என்று அவன் சொன்னது மொழியை. பி.எச்.பி.யை விட்டுப் பைத்தானுக்குப் போய்விடலாம் என்றான். அதற்கு முதலில் அவன் சொன்ன காரணம் தமிழ்தான். அது என்னைக் கவருவதற்காகச் சொன்ன காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆகவே பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சித்துப் பார்க்கச் சொன்னேன்.

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். பி.எச்.பி.யில் நீளம் அளக்கும் சாதாரணக் கட்டளையைக் கேட்டால் 15 என்கிறது. அது எழுத்தை எண்ணுவதில்லை. எழுத்தைச் சேமித்து வைக்கும் பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தானைக் கேட்டால் 5 என்கிறது. த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று யூனிகோட் கொடுத்த எண்களை அது தனித்தனியாக எண்ணுகிறது. மூன்று என்ற விடை இரண்டிலும் தானாக வரவில்லை. வரவழைக்கும் உபகரணங்கள் இரண்டு மொழியிலும் உண்டு. பைத்தானில் முத்து அண்ணாமலை முதலியோர் செய்த ஓப்பன்-தமிழ் என்ற நூலகம் இருக்கிறது. தமிழிலேயே நிரல் எழுத ‘எழில்’ என்ற மொழியைச் செய்தவரும் அவரே. பி.எச்.பி.யிலும் எழுத்தை எழுத்தாக எண்ணும் கூடுதல் இணைப்பு ஒன்று உண்டு.

அடுத்தது வரிசை. அகராதிக்கு வரிசைதானே உயிர்? கலப்பை, கவலை, கழனி, களம், கறவை, கனம் என்பது நம் வரிசை. கணினியை ‘வரிசைப்படுத்து’ என்று வெறுமனே சொன்னால் கனம், கறவை, கலப்பை, களம், கழனி, கவலை என்று அடுக்குகிறது. முதலில் நிற்க வேண்டிய கலப்பை நடுவில் போய்விட்டது. கடைசியில் நிற்க வேண்டிய கனம் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. பைத்தானும் பி.எச்.பி.யும் இதில் ஒரே மாதிரிதான் தவறுகின்றன. மொழியின் குற்றம் அல்ல அது. 1988இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ‘இஸ்கி’ என்ற குறியீட்டு முறையை வகுத்தபோது, தேவநாகரி எழுத்து வரிசையை ஒரு சட்டமாக வைத்து மற்ற மொழிகளின் எழுத்துக்களை அதன் கட்டங்களில் உட்கார வைத்தார்கள். நம்முடைய ற, ன, ழ மூன்றும் அங்கே தங்களுக்குக் கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டன. 1991இல் யூனிகோட் வந்தபோது அந்த இருக்கைகளே நிலைத்துவிட்டன. முப்பது வருஷங்களுக்கு மேலாகியும், ஒவ்வொரு தமிழ்ப் பட்டியலையும் தனியாகக் கவனித்துத்தான் அடுக்க வேண்டியிருக்கிறது. முதலில் சட்டம் போட்டவனுடைய பழக்கம் பின்னால் வருகிறவர்கள் எல்லாருடைய தலையிலும் எப்படி உட்காருகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

“அப்படியானால் தமிழுக்காக ஊர் மாற வேண்டிய அவசியமில்லை. உண்மையான காரணத்தைச் சொல்” என்றேன்.

அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான். அவன் தகப்பனார் வழியில் அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. ஜூன் மாதம் பிரான்சுக்குப் போகிறான். அங்கே கிடைத்திருக்கும் வேலை பைத்தானில். எட்டு வருஷமாகச் சாதம் போட்ட மொழியை விட்டுவிட்டு, முப்பத்தோரு வயதில், அ, ஆ என்று மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். கையில் இருப்பது ஐந்து மாதம். அதற்குள் என் அட்டைகளுக்கும் ஒரு வழி செய்துவிட்டுப் போகவேண்டும் என்று நினைக்கிறான். “நான் போனதுக்கப்பறம் இங்க யாரு மாமா பாத்துப்பாங்க?” என்றான்.

இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் தெருவிலேயே இருந்தது. நாலு வீடு தள்ளி ஒரு பெண் கல்லூரியில் படிக்கிறாள். பள்ளியில் பைத்தான் படித்தவள். 2019இல் வந்த தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களில் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்குப் பைத்தானும், கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர்களுக்குப் பி.எச்.பி.யும் வைத்தார்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, அதில் மேல்நிலைக் கணினி அறிவியலுக்குப் பைத்தான்தான். ஆக, இனி இந்தக் கிராமங்களில் யாராவது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ‘இதைக் கொஞ்சம் பாரம்மா’ என்றால், அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கக்கூடிய மொழி பைத்தான். மொழி மாறுவதற்கு இது போதுமான காரணம் என்று எனக்குப் பட்டது.

மொழி முடிவாகிவிட்டது. சட்டம் எது? இங்கேதான் சிக்கல்.

அவன் முதலில் செய்தது, மொழி மாறுகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம். பழைய ஊரில் தனக்குப் பழக்கமான சட்டத்துக்குப் புதிய ஊரில் அண்ணன் தம்பி யாராவது உண்டா என்று தேடினான். பி.எச்.பி.யில் 2011இலிருந்து லாராவெல் என்று ஒன்று பிரபலமாக இருக்கிறது. அவனுக்கு அதிலும் பழக்கம் உண்டு. பைத்தானில் லாராவெல் மாதிரி எது என்று பத்து நாள் தேடினான். இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் புதுச்சேரியே நினைவுக்கு வந்தது.

இங்கிருந்து சற்று தூரத்திலுள்ள கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் தேதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரவேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கை மாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி நடந்தது. 1965இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்து தமிழுக்கு இடம் கொடுத்தது. மொழி மாறிவிட்டது. ஆனால் 1973இல் பஞ்சாயத்துக்களுக்காக நாமே புதிதாகச் சட்டம் இயற்றியபோதும், ‘கொம்யூன்’ என்ற பிரெஞ்சு அமைப்பை விடவில்லை. பஞ்சாயத்தை அதன் முதுகில் ஏற்றி ‘கொம்யூன் பஞ்சாயத்து’ ஆக்கினோம். 1881ஆம் வருஷத்து ஆணையின்படி சொந்த வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்களின் சந்ததிகளுக்கு அந்தச் சட்டம் இன்றும் பொருந்துகிறது. பேசுவது தமிழ், பாகம் பிரிப்பது பாரிஸ்!

அரசாங்கத்தில் இது நடக்கும், நடப்பது நல்லதும்கூட. நிலமும் பத்திரமும் பழைய சட்டத்தில் சிக்கிக்கிடக்கும்போது ஒரே நாளில் உருவி எடுத்தால் குடும்பங்கள் நாசமாகும். கணினியில் நிலைமை வேறு. மொழியை மாற்றினால் சட்டம் கூட வருவதில்லை. அதைப் போன்ற சாயல் ஒன்றைத் தேடிப் பிடித்தால், அந்தச் சாயலை மட்டுமே கற்றுக்கொள்வோம், மொழியைக் கற்கமாட்டோம். பைத்தான் எழுத்தில் பி.எச்.பி. எழுதிக்கொண்டிருப்போம். இங்கிலீஷில் யோசித்துத் தமிழில் எழுதும் நாவல்கள் உண்டல்லவா? அவற்றைப் படிக்கும்போது பல்லில் மணல் அகப்பட்ட மாதிரி இருக்கும். அந்த மாதிரிதான்.

கடைசியில் மூன்று பெயர்கள் மிஞ்சின.

ஒன்று ஜாங்கோ. அமெரிக்காவில் கான்சாஸ் மாகாணத்து லாரன்ஸ் நகரில் ஒரு தினசரிப் பத்திரிகை இருக்கிறது. அங்கே வேலை பார்த்த ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் பத்திரிகையின் தேவைக்காகத் தொடங்கி, 2005இல் உலகத்துக்குக் கொடுத்த சட்டம் இது. பத்திரிகை ஆபீசில் பிறந்ததாலோ என்னவோ, உதவியாசிரியர் உட்கார்ந்து செய்தி ஏற்றுவதற்கேற்ற நிர்வாகப் பக்கம் இதில் தயாராகவே இருக்கிறது. அட்டைக்கு என்னென்ன பகுதிகள் என்று எழுதிக் கொடுத்தால், ஏற்றவும் திருத்தவும் நீக்கவும் அந்தப் பக்கத்தில் எல்லாம் வந்துவிடுகின்றன. மண்டபம் என்றால் இதுதான் முழு மண்டபம்.

இரண்டாவது ஃப்ளாஸ்க். இதன் பிறப்பு வேடிக்கையானது. ஆர்மின் ரோனாகர் என்ற ஆஸ்திரிய இளைஞர் 2010 ஏப்ரல் 1ஆம் தேதி முட்டாள்கள் தினக் கேலியாக, ஒரே கோப்பில் அடங்கும் சட்டம் என்று ஒன்றை வெளியிட்டார். அந்தக் கேலிக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்துவிட்டு நிஜமாகவே ஒன்று செய்தார். ஏழெட்டு வரியில் ஒரு பக்கம் காட்டிவிடலாம். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம். இது மண்டபமல்ல, வாசலில் நாலு கால் நட்டுப் போடுகிற பந்தல்.

மூன்றாவது ஃபிராப்பே. மும்பையில் ருஷப் மேத்தாவும் அவருடைய கூட்டாளிகளும் வியாபாரக் கணக்குகளுக்கான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற மென்பொருளைக் கட்டும்போது உருவாக்கியது. நம் நாட்டுச் சரக்கு என்பதில் எனக்கு ஒரு பாசம். ஆயினும் கம்பெனிக் கணக்குக்கென்று வளர்ந்த வீட்டில் நாலாயிரம் சொல்லைக் குடிவைப்பது, நெல் ஆலையை வாடகைக்கு எடுத்து ஒரு படி அரிசி குற்றுவது போல. அதை விட்டுவிட்டோம்.

மீதி இரண்டில் எது? அவன் படித்தவையெல்லாம் பெரிய இடத்துக் கதைகளாக இருந்தன. இன்ஸ்டாகிராம் ஜாங்கோவில் எழுந்தது, ட்விட்டர் ரூபி ஆன் ரெய்ல்ஸில் பிறந்து, கூட்டம் தாங்காமல் ஸ்காலா மொழிக்கு மாறியது, ஃபேஸ்புக் பி.எச்.பி.யைத் தன் வசதிக்கு வளைத்து 2014இல் ‘ஹேக்’ என்று தனி மொழியே செய்துகொண்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் அட்டைகளைத் தேடி ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தால் அது எங்களுக்குத் திருவிழா. விரலுக்குத் தக்கதே வீக்கம்.

பிறகு அவன் மனத்திலிருந்த நிஜமான பிரச்னையைச் சொன்னான். அதைக் கேட்டபோதுதான் இந்தக் காரியம் எவ்வளவு நுட்பமானது என்று தெரிந்தது.

“எனக்கு மொழி வரணும்னா ஃப்ளாஸ்க்தான் மாமா நல்லது. எல்லாத்தையும் நானே எழுதணும். அப்பதான் பைத்தான் கைக்கு வரும். ஜாங்கோவுல பாதி வேலையை அதுவே செஞ்சுடும். நான் ஜாங்கோவைக் கத்துப்பேன், பைத்தானைக் கத்துக்கமாட்டேன். ஆனா தளம் நிக்கணும்னா ஜாங்கோதான். ஃப்ளாஸ்க்ல நான் என் இஷ்டத்துக்கு ஒரு ஒழுங்கு வெச்சிருப்பேன். அந்த ஒழுங்கு என் மண்டையிலதான் இருக்கும்.”

தன் கல்வியா, என் அட்டைகளா என்று அவனுக்குள் ஒரு தராசு ஆடிக்கொண்டிருந்தது. அவனைப் பொறுத்தவரை அது விளையாட்டுத் தராசு அல்ல. ஜூன் மாதம் அந்நிய ஊரில் போய் நிற்கும்போது மொழி வாயில் வரவேண்டும். வராவிட்டால் சோறு போகும். நான் என் தொழிலிலிருந்து ஒரு வழி சொன்னேன். நாவலாசிரியர்கள் முதல் பிரதி எழுதுவது வைத்துக்கொள்வதற்காக அல்ல; கதை என்னவென்று கண்டுபிடிப்பதற்காக. கண்டுபிடித்தபின் அதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறோம். “முதல் மாசம் ஃப்ளாஸ்கில் எழுது. கிழித்துப் போடுவதற்கென்றே எழுது. அப்புறம் ஜாங்கோவில் எழுது. இரண்டிலும் ஒரே வேலை: ஓர் அட்டை ஏற்றவேண்டும், திருத்தவேண்டும், தேடவேண்டும், அகர வரிசையில் அடுக்கவேண்டும். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.”

அவன் ஒன்று சேர்த்துக்கொண்டான். இரண்டையும் முடித்ததும், ஒரு வார்த்தைகூட விளக்கம் சொல்லாமல் அந்தப் பெண்ணிடம் கொடுத்து, ‘அட்டையில் ஊர்ப்பெயருக்கு ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்’ என்று சொல்லிப் பார்ப்பது.

ஃப்ளாஸ்கில் அவன் எழுதியது இருநூறு வரிக்குச் சற்று மேல். அழகாகத்தான் இருந்தது. அந்த ஒரு மாதத்தில் பைத்தான் அவனுக்கு வசப்பட்டதை நான் கண்ணால் கண்டேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு வரிக்கும் அரைப்புள்ளி போட்டுவிட்டு அழித்துக்கொண்டிருந்தான். கடைசியில் யோசிக்காமல் எழுதினான். பெண் அதை வாங்கிப் பார்த்தாள். மொழி அவளுக்குப் புரிந்தது. “அண்ணா, இது ஏன் இந்தக் கோப்புல இருக்கு? அது ஏன் அங்க இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் காரணம் இருந்தது. அவனிடம் மட்டும்தான் இருந்தது.

ஜாங்கோவில் எழுதியது கோப்புகள் அதிகம். அவனுக்குச் சில இடங்களில் கோபம்கூட வந்தது. ‘இதை இங்கேதான் எழுதவேண்டும்’ என்று சட்டம் அடம்பிடிக்கும்போது, எட்டு வருஷ அனுபவம் உள்ளவனுக்குக் கோபம் வருவது இயற்கை. பெண் அதைப் பார்த்ததும் முதலில் விழித்தாள். அப்புறம் ஜாங்கோவின் கையேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, முதல் பாடங்களைப் படித்தாள். அவளுக்குத் தேவையான இடம், எந்தக் கோப்பு என்பது உட்பட, அதில் எழுதியிருந்தது. மாலைக்குள் ஊர்ப்பெயர்க் கட்டம் சேர்ந்துவிட்டது. அவனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அகர வரிசையை ஜாங்கோவும் கொண்டுவந்து கொடுக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். அதை நாங்களே செய்தோம். ஒவ்வொரு சொல்லையும் சேமிக்கும்போதே, அதன் எழுத்துக்களை நம் நெடுங்கணக்கு வரிசைப்படி எண்களாக்கி, அட்டையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தில் எழுதிவைக்க ஏற்பாடு. அடுக்கும்போது அந்த எண்ணைப் பார்த்து அடுக்கும். புள்ளி வைத்த க் முன்னால், க பின்னால். கலப்பைக்குப் பின் கவலை, கனம் கடைசியில். சட்டம் எவ்வளவு பெரியதானாலும், நமக்கே உரிய காரியம் ஒன்று எப்போதும் மிஞ்சும். அந்தக் காரியத்தைத் தடுக்காமல் இடம் விடுகிறதா என்று பார்க்கவேண்டும். ஜாங்கோ இடம் விட்டது.

யார் பராமரிக்கிறார்கள் என்பதையும் விசாரித்தோம். கோட்இக்னைட்டர் அநாதையானதைக் கண்டவர்கள் அல்லவா? ஜாங்கோவை 2008இலிருந்து அதற்கென்றே அமைந்த ஓர் அறக்கட்டளை கவனித்து வருகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நீண்ட ஆயுள் உள்ள பதிப்பு ஒன்று வருகிறது; மூன்று வருஷத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. 2025 ஏப்ரலில் வந்த 5.2 அப்படிப்பட்ட பதிப்பு. அதை எடுத்துக்கொண்டோம். 2028 வரை தேதி தெரியும். தேதி தெரிந்த ஆபத்து ஆபத்தில் பாதிதான்.

அதற்காக இதுவே சாசுவதம் என்று நினைக்கக்கூடாது. பைத்தானே ஒரு தடவை தன் குடிகளை வீடு மாற்றச் சொன்ன மொழிதான். 2008இல் மூன்றாம் பதிப்பு வந்தது, பழையதோடு ஒத்துப்போகவில்லை. இரண்டாம் பதிப்புக்கு 2020 ஜனவரி முதல் தேதியோடு ஆதரவு நின்றது. பதினோரு வருஷம் அவகாசம் கொடுத்தும் கடைசி நாள் வரை மாறாமல் இருந்தவர்கள் அநேகர். நாளைக்கு ஜாங்கோவுக்கும் முடிவு வரலாம். எங்கள் தெருப் பெண்ணும் படிப்பு முடிந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போகலாம், போகத்தான் வேண்டும்.

ஆகவே புறப்படுவதற்கு முன் அவனிடம் ஒரு காரியம் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை இரவும், அத்தனை சொற்களும் விளக்கங்களும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாகத் தாமாகவே வெளியே வந்து சேர்ந்துவிடுகின்றன. வரிக்கு ஒரு சொல். நடுவில் ஒரு கோடு. பிறகு பொருள், சொன்னவர் ஊர். ஜாங்கோ வேண்டாம், பைத்தான் வேண்டாம். யூனிகோட் படிக்கத் தெரிந்த எந்தக் கருவியிலும் அதைத் திறந்து படிக்கலாம். புதிய மொழிக்கும் புதிய சட்டத்துக்கும் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் — கேட்கமாட்டார்கள், நான் கதை எழுதுகிறவன் — எந்தச் சட்டம் வேகமானது என்று கடைசியாக விசாரியுங்கள் என்பேன். உங்களுக்குப் பின் இதைத் தொடப்போகிறவர் யார், அவர் உங்களைக் கேட்காமல் படித்துக்கொள்ள வழி இருக்கிறதா, சட்டம் உளுத்துப்போகும் நாளில் உள்ளே இருப்பதை முழுசாக வெளியே எடுக்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள் என்பேன்.

அக்கா மகன் போய்ச் சேர்ந்துவிட்டான். வேலை பிடித்திருக்கிறதாம். அங்கே அவர்கள் பயன்படுத்துவது ஃப்ளாஸ்க்கும் இல்லை, ஜாங்கோவும் இல்லை. வேறு ஏதோ ஒன்று. பரவாயில்லை, மொழி தெரிந்துவிட்டால் சட்டம் ஒரு வாரம்தான் என்று எழுதியிருந்தான். இங்கே அந்தப் பெண், இதுவரை ஏறாமல் கிடந்த அட்டைகளில் தினம் இருபது ஏற்றுகிறாள். நேற்று ஏற்றியவற்றில் ‘நொத்தேர்’ இருந்தது. “சார், இது தமிழா?” என்று கேட்டாள். “இங்கே பத்திரம் எழுதினவர்களைக் கேட்டால் தமிழ்தான் என்பார்கள், ஏற்று” என்றேன். ஏற்றினாள். தன் இடத்தில் போய் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது.